கூடம் கோணலில்லை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் செப்டம்பர் நடுவில் வில்வேட்டைப் பருவம் தொடங்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும். வில் விற்கும் கடைக்குப் போய், "மரத்தில் பரண் கட்டி மானுக்காக உட்காரப் போகிறேன், எந்த சைட் வாங்கலாம்?" என்று கேளுங்கள். விற்பவர் கேட்கும் முதல் கேள்வி, பரண் எத்தனை அடி உயரம் என்பதாக இருக்கும். "உயரத்திலிருந்து கீழே எய்தால் அம்பு குறிக்கு மேலே போகும். கோணத்தைச் சரிக்கட்டும் சைட் இல்லாவிட்டால் மானின் முதுகுக்கு மேலேதான் போகும்" என்பார். பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர் தலையாட்டுவார். அவரும் தவறவிட்டிருப்பார்.

நானும் ஒரு காலத்தில் தலையாட்டியவன். இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மை மலையில் பிறந்தது. அதைப் பரணில் ஏற்றிவைத்து விற்கிறார்கள் என்பதே என் வாதம்.

பழக்கமில்லாத வாசகருக்காகச் சில வரிகள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை குற்றம். அமெரிக்காவில் வெள்ளைவால் மானை வேட்டையாடுவது உரிமம் பெற்று, மாநில அரசு வகுத்த பருவத்துக்கும் எண்ணிக்கைக்கும் உட்பட்டுச் செய்யும் காரியம். வில்லுக்குத் தனிப் பருவம் உண்டு. தினைப்புனம் காக்க நம் குன்றுகளில் கட்டிய பரண்போல, மரத்தில் 15 முதல் 25 அடி உயரத்தில் ஓர் இருக்கையைக் கட்டி, மான் நடக்கும் தடத்தைப் பார்த்து மணிக்கணக்கில் அசையாமல் இருப்பார்கள். உயரே இருந்தால் மானின் பார்வைக்கும் மோப்பத்துக்கும் எளிதில் அகப்பட மாட்டோம். பெரும்பாலோர் கையில் இருப்பது காம்பவுண்ட் வில். மிசௌரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற, உருளைகள் பூட்டிய வில் அது. அதன் பிடிக்கு மேலே ஒரு சட்டம், சட்டத்துக்குள் ஒளிரும் நுனியோடு முட்கள்: இதுதான் சைட். 20 கெஜத்துக்கு ஒரு முள், 30-க்கு ஒன்று, 40-க்கு ஒன்று. நாணில் செருகிய 'பீப்' என்னும் சிறு துளை வழியே முள்ளைப் பார்த்து, முள்ளை மான்மேல் வைத்து நாணை விடுவதுதான் குறிபார்த்தல்.

இதில் தவறினால் போவது அம்பு மட்டுமன்று. நெஞ்சில் நேராகப் பட்ட மான் சில நொடிகளில் விழுந்துவிடும். பிசகிப் பட்ட மான் இரவெல்லாம் அலைந்து சாகும். ஆகவே எந்த சைட் என்ற கேள்வி வெறும் கடைச்சரக்குப் பேச்சு அன்று.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். புவியீர்ப்பு அம்பைக் கீழே இழுக்கிறது. சமதரையில் 20 கெஜத்துக்கு எவ்வளவு இறங்கும் என்று பார்த்துத்தான் முள்ளை வைத்திருக்கிறோம். சரிவாக எய்யும்போது அந்த இழுப்பு முழுவதும் அம்பின் பாதைக்குக் குறுக்காக விழுவதில்லை. அதனால் கண்ணிலிருந்து மான்வரை உள்ள சாய்தூரத்தைக் கணக்கில் எடுத்தால் அம்பு மேலே படும், கிடைத்தூரத்தைத்தான் எடுக்க வேண்டும். இது இயற்பியல், இதில் பிழை கிடையாது. பிழை, எவ்வளவு மேலே என்று யாரும் கேட்காமல் போவதில் இருக்கிறது.

கேட்டுப் பார்ப்போம். பரண் 20 அடி. அதன்மேல் நிற்பவரின் கண், தரையிலிருந்து 25 அடி. மானின் நெஞ்சு தரையிலிருந்து இரண்டரை அடி. உயர வித்தியாசம் 22.5 அடி, அதாவது ஏழரைக் கெஜம். அம்பின் வேகம் நொடிக்கு 280 அடி என்று வைத்துக்கொள்வோம். இன்றைய வில்லுக்கு இது சாதாரணம். காற்றின் தடையை விட்டுவிடுவோம்.

மரத்தடியிலிருந்து 20 கெஜத்தில் மான் நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றமே போதும்: சாய்தூரம் 21.4 கெஜம். இந்தச் சாய்தூரத்தையே உண்மைத் தூரமாக எடுத்துக் குறிபார்த்தால் அம்பு மேலே போகும் அளவு சுமார் 0.65 அங்குலம். ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கு ஏறக்குறைய 8 அங்குல வட்டம். வேட்டைக்காரர்கள் காகிதத் தட்டை நட்டுவைத்துப் பழகுவது அதனால்தான். அந்தத் தட்டில் 0.65 அங்குலம் பிசகியவரை யாரும் தவறவிட்டவர் என்று சொல்வதில்லை.

கடைக்காரர் விடமாட்டார். "மான் இன்னும் கிட்டே, 10 கெஜத்துக்கு வந்தால்? அப்போது சரிவு 37 பாகை. 12.5 கெஜத்தை 10 கெஜமாகக் கருத வேண்டும். 20 சதவீத வித்தியாசம்!" சதவீதம் மிரட்டத்தான் செய்யும். ஆனால் 12.5 கெஜத்தில் அம்பு மொத்தமாக இறங்குவதே மூன்றரை அங்குலம். அதில் ஐந்தில் ஒரு பங்கு 0.7 அங்குலம். சரி, 30 கெஜம்? அங்கே அம்பு 21 அங்குலம் இறங்குகிறது. ஆனால் சரிவு 14 பாகையாகக் குறைந்துவிடுகிறது. பிசகு 0.6 அங்குலம்.

பத்தில் 0.7, இருபதில் 0.65, முப்பதில் 0.6. தூரம் மூன்று மடங்கானபோதும் பிசகு அசையவே இல்லை. இது தற்செயல் இல்லை. பரணின் உயரம் மாறாதது. ஆகவே சரிவு செங்குத்தாக இருந்தால் மான் கிட்டே இருக்கிறது, மான் தள்ளி நின்றால் சரிவு படுத்துவிடுகிறது. தூரமும் செங்குத்தும் சேர்ந்து வந்தால்தான் அம்பு கைவிட்டுப் போகும். பரணில் அவை இரண்டும் சேர்ந்து வருவதே இல்லை. வில் மெதுவானதா, நொடிக்கு 240 அடிதானா? பிசகு 0.9 அங்குலம். 280 அடி வில்லோடு பரணை 30 அடிக்கு ஏற்றினாலும் இதே தூரங்களில் சுமார் ஒன்றரை அங்குலத்தோடு அடங்கிவிடும்.

மலையில் கதை வேறு. மேற்கு மாநிலங்களின் மலைச்சரிவில் 35 பாகையில் 50 கெஜம் கீழே எல்க் மான் நிற்கிறது என்றால், 50-ஐ 41 என்று எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அம்பு சுமார் 10 அங்குலம் மேலே போகும். அங்கே கோணத்தைக் கணிக்கும் கருவி ஆடம்பரம் அல்ல, கடமை. கோணத்தின் அச்சம் அங்கே உண்டானது, நியாயமாகவே உண்டானது. 10 அங்குல அச்சத்தை 0.65 அங்குலக்காரருக்கு அதே விலையில் விற்பதைத்தான் மறுக்கிறேன்.

பரணுக்கென்றே பிறந்த ஊசல் சைட்டைப் பார்ப்போம். வில்லைக் கீழே சாய்க்கச் சாய்க்கத் தொங்கும் முள் தானாக நகரும். கோணத்தைத் திருத்துகிறது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அது செய்வது வேறு வேலை. பரண் உயரம் தெரிந்திருந்தால், பார்வை எவ்வளவு சாய்கிறதோ அதிலிருந்து மானின் தூரத்தைக் கண்டுவிடலாம். செங்குத்தாகச் சாய்ந்தால் கிட்டே, லேசாகச் சாய்ந்தால் தொலைவு. ஊசல் ஒரு தூரமானி. தட்டையான சோளக்கொல்லை ஓரத்தில், அதற்கென்று அமைத்த உயரத்தில் இருந்தால் தூரத்தை ஊகிக்கும் வேலையை மிச்சப்படுத்தும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஊசலுக்குத் தரை தட்டையில்லை என்று தெரியாது. பரண் மேட்டுச்சரிவில் இருக்கிறது, மான் மேட்டுப் பக்கம் 15 கெஜத்தில் கிட்டத்தட்ட உங்கள் கண்மட்டத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வில் சாயவில்லை. ஊசல் என்ன நினைக்கும்? மான் தொலைவில் நிற்கிறது என்று நினைத்து, 30 அல்லது 40 கெஜத்துக்கான முள்ளைக் காட்டும். அம்பு மூன்றிலிருந்து ஆறு அங்குலம் மேலே. அரை அங்குலப் பிசகைத் தீர்க்க வந்த கருவி ஆறு அங்குலப் பிசகைக் கையில் கொடுத்துவிட்டது. பள்ளத்துப் பக்கம் வந்தால் இதன் மறுதலை. போதாக்குறைக்குக் கீல் உண்டு. கீல் உள்ள இடத்தில் உறைபனி உண்டு, சத்தமும் உண்டு.

அடுத்தது முட்களின் எண்ணிக்கை. ஐந்து முள், ஏழு முள் என்று அடுக்கியவற்றை "எந்தத் தூரத்துக்கும் தயார்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். காட்டில் கொம்புள்ள கலைமான் ஒன்று திடீரென்று முன்னால் வந்து நிற்கும்போது உடம்பு என்ன பாடுபடும் என்பது பட்டவருக்குத் தெரியும். 'பக் ஃபீவர்' என்று அங்கே பெயர். காய்ச்சல் இல்லாத காய்ச்சல். கை நடுங்கும், எண்ணிக்கை மறக்கும். அந்த நிமிடத்தில் 20 கெஜத்து மான்மேல் 30-க்கான முள்ளை வைத்துவிட்டால், நாம் எடுத்துக்கொண்ட அதே வில்லில், அம்பு மூன்றரை அங்குலம் மேலே படும். 40-க்கான முள்ளை வைத்தால் ஏழரை அங்குலம், அதாவது நேரே முதுகுக்கு மேல். கோணத்தால் வரும் பிசகு 0.65, முள் மாறியதால் வரும் பிசகு 7.5. தவறவிட்டவர் கீழே இறங்கிவந்து எதைக் காரணம் சொல்வார்? கோணத்தைத்தான். கூடம் பதில் பேசாதே.

லேசர் தூரமானியை வில்லிலேயே பதித்த மின்னணு சைட்டுகளும் வந்துவிட்டன. பொத்தானைத் தொட்டால் தூரம் அளந்து, கோணம் கழித்து, ஒளிப்புள்ளியை வைத்துக் கொடுக்கும். வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வில்லில் மின்னணுக் கருவி பொருத்துவதை எல்லா மாநிலங்களும் ஒரேமாதிரி அனுமதிப்பதில்லை. வில்வேட்டைப் பதிவேடுகளைப் பேணும், 1961-இல் தொடங்கிய போப் அண்ட் யங் சங்கமும் குறிபார்க்க உதவும் அத்தகைய கருவி பூட்டிய வில்லால் எய்த விலங்கைத் தன் ஏட்டில் ஏற்பதில்லை. இந்த நியாயமெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். பரணில் அந்த லேசர் கண்டுபிடிக்கும் விஷயத்தைச் சும்மா கண்டுபிடிக்கலாம். பரணில் ஏறியதும் சுற்றியுள்ள மரங்களைக் கண்மட்டத்தில் குறிவைத்துச் சாதாரணக் கைத்தூரமானியால் அளந்துகொள்ளுங்கள். கண்மட்டத்தில் அளந்தால் கிடைப்பது கிடைத்தூரம். எந்தக் கோணக் கணக்கும் வேண்டாம். பிளவுபட்ட ஓக் மரம் 18, சாய்ந்த பிர்ச் மரம் 24 என்று மனதில் வைத்துக்கொண்டால் மான் வந்தபின் கைக்கு வேலையே இல்லை.

அப்படியானால் பரணிலிருந்து எய்த அம்பு ஏன் மேலே போகிறது? போகத்தான் செய்கிறது. என் அம்பும் போனது. முதல் ஆண்டு 18 கெஜத்தில் நின்ற பெட்டைமானின் முதுகுக்கு மேலே போனது. கடையில் சொன்னபடி ஊசல் சைட் வாங்கினேன். அடுத்த இலையுதிர்காலத்தில் மறுபடியும் முதுகுக்கு மேலே. அண்டைவீட்டு முதியவர், நாற்பது வருஷம் பரணில் உட்கார்ந்தவர், என்னைத் தன் கொட்டகைக் கூரையில் ஏற்றிக் கீழே நின்று பார்த்தார். சைட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ குனியவில்லை, கையை மட்டும் இறக்குகிறாய்" என்றார்.

அதுதான் முதல் காரணம். சமதரையில் நிமிர்ந்து நின்று நாணை இழுக்கும்போது நெஞ்சும் இரு கைகளும் சேர்ந்து ஒரு சிலுவைபோல நிற்கும். நாண் கன்னத்தில் ஒரே இடத்தில் பதியும். முள் பீப் துளையின் நடுவில் தெரியும். பரணில் கீழே பார்த்தவுடன் இடுப்பை மடக்காமல் வில்பிடித்த கையை மட்டும் தாழ்த்தினால் அந்தச் சிலுவை உடைகிறது. இழுப்பின் நீளம் மாறுகிறது, நாண் பதியும் இடம் மாறுகிறது, முள் துளையின் நடுவை விட்டு விலகுகிறது. வில் அதே வில், எய்பவர் வேறு ஆளாகிவிடுகிறார். நாணை முதலில் மட்டமாக இழுத்து, பிறகு இடுப்பிலிருந்து குனிய வேண்டும். இந்தப் பாடத்தை எந்த சைட்டோடும் விற்பதில்லை.

இரண்டாவது காரணம் மானே. வில்லின் சத்தம் அம்பைவிட நான்கு மடங்கு வேகத்தில் மானை அடைகிறது. மிரண்ட மான் பாய்வதற்குமுன் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். சத்தம் கேட்டபின் பத்தில் ஒரு நொடி தாமதித்து, கல் விழுவதுபோல உடம்பைக் கீழே விட்டது என்று வைத்துக் கணக்கிட்டால், 20 கெஜத்தில் அம்பு சேரும்போது ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும். 30 கெஜத்தில் நான்கு அங்குலம். 40-இல் பத்து அங்குலம். அம்பு நினைத்த இடத்துக்குத்தான் போனது, மான் அங்கே இல்லை. மேலே போனதாகக் கண்ணுக்குத் தெரியும். இதற்கு மருந்து கிட்டே வரும்வரை காத்திருப்பது மட்டுமே.

கோணத்துக்குப் பரணில் உண்மையான வேலை ஒன்று உண்டு. அது மானின் உடம்புக்குள். 37 பாகைச் சரிவில் நுழையும் அம்பு, ஓர் அடி அகலமான விலாக்கூட்டைக் கடப்பதற்குள் ஒன்பது அங்குலம் கீழே இறங்கிவிடும். 20 பாகையில் நான்கரை அங்குலம். செங்குத்தாக எய்பவர், சமதரையில் குறிபார்த்த அதே இடத்தில் முள்ளை வைத்தால் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் கிழித்து அடியில் வெளியேறலாம். ஒரு நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடும். ஆகவே அம்பு எங்கே நுழையும் என்பதைவிட மறுபக்கம் எங்கே வெளிவரும் என்று நினைத்துக் குறிபார்க்க வேண்டும். பரணை வீம்புக்கு உயர்த்தாமல் இருப்பதும், மான் மரத்தடிக்கு வந்துவிட்டால் சற்று விலகட்டும் என்று விடுவதும் இதன் தொடர்ச்சி. விலையுயர்ந்த முள் எதுவும் மானுக்குள் பார்க்காது.

"அப்படியானால் சைட்டே வேண்டாமா? ஃப்ரெட் பேர் சைட் இல்லாமல்தானே எய்தார்?" என்று ஒருவர் மறுகோடிக்கு ஓடுவார். மிச்சிகனின் அந்தப் பெரிய வில்லாளி முள் வைக்காமல் எய்தது உண்மை. அதற்குப் பின்னால் ஆயுள் முழுக்கச் செய்த பழக்கம் இருந்தது. வாரக்கடைசியில் மட்டும் வில் எடுக்கிறவருக்கு சைட் வேண்டும். எளிய சைட் வேண்டும்.

என்னைக் கேட்டால் ஒரே ஒரு நிலையான முள் போதும். 20 கெஜத்துக்கு வைத்த முள், நம் கணக்கின்படி, 10 கெஜத்து மான்மேல் ஏறக்குறைய ஓர் அங்குலம் சொச்சம் மேலேயும், 25 கெஜத்து மான்மேல் ஒன்றேமுக்கால் அங்குலம் கீழேயும் படும். இரண்டும் தட்டுக்குள். 30-இல் நான்கரை அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும், அது தட்டுக்கு வெளியே. ஆகவே 25-க்கு அப்பால் எய்யமாட்டேன் என்று முடிவெடுங்கள். முடியாது என்றால் 30-க்கு இன்னொரு முள்ளை வேறு நிறத்தில் வையுங்கள். அதற்குமேல் அடுக்காதீர்கள்.

முள் மெல்லியதாக இருந்தால் குறி துல்லியம் என்பதும் இன்னொரு கட்டுக்கதை. கண்ணிலிருந்து முள்வரை 30 அங்குலம் என்றால், 0.019 அங்குல முள் 20 கெஜத்தில் மறைப்பது அரை அங்குலத்துக்கும் குறைவு. 0.010 முள் மறைப்பது கால் அங்குலம். அந்தக் கால் அங்குல லாபத்துக்காக அந்தி மங்கலில் முள்ளே தெரியாமல் போவதா? பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரைமணி நேரம்வரை எய்யலாம். மான் நடமாடுவதும் அப்போதுதான். தடித்த முள்ளும் அகலமான பீப் துளையும் அந்த நேரத்துக்கு உதவும். சட்டத்தின் அடியில் ரசமட்டக் குமிழ் ஒன்று இருக்கட்டும். மரத்தைக் கட்டிக்கொண்டு வளைந்து எய்யும்போது வில் பக்கவாட்டில் சாயும். ஐந்து பாகை சாய்ந்தால் 20 கெஜத்தில் அம்பு ஓர் அங்குலம் பக்கவாட்டில் போகும். கோணத்தின் பிசகைவிட அது பெரிது. அதைக் காட்டிக் கொடுக்கும் குமிழ் மலிவானது.

ஊசலுக்கும் லேசருக்கும் வைத்த பணம் கையில் மிஞ்சியிருந்தால், முழு உடம்பையும் பிடிக்கும் பாதுகாப்புக் கச்சையும், மரத்தில் ஏறும்போதே கட்டிக்கொள்ளும் கயிறும் வாங்குங்கள். பரணில் இருப்பவரை உண்மையில் கொல்லும் உயரம் அம்புக்கு உரியதில்லை, அவருக்கு உரியது. மீதிப் பணத்தில் காகிதத் தட்டுகள் வாங்கி, கூரைமேலோ ஏணிமேலோ கச்சையோடு ஏறி, ஆகஸ்டு மாதம் முழுக்க இடுப்பை மடக்கி எய்து பழகுங்கள். அதற்குப் பிறகும் அம்பு மேலே போனால் அன்றைக்கு நானே கூடத்தை அளக்க வருகிறேன்.